பிணமில்லாத ஒப்பாரி

கானாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம். கேப் கோஸ்ட் மண்டபத்தில் ஒரு புதிய இலக்கிய இதழின் வெளியீட்டு விழா நடக்கிறது. பியர் நுரையும் வறுத்த வாழைக்காயின் எண்ணெயும் சேர்ந்து நாறுகிற மத்தியானப் புழுக்கத்தில், கடற்கரையில் மீன் சுட்டு விற்கும் அராபா முன்வரிசையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். மேடையில் இதழாசிரியர் பிளாங்சன் இதழைப் பிரித்து, கண்கள் செருக, உருகி உருகி வாசிக்கிறார். தன் அண்ணனின் பிணத்தருகே அராபா பாடிய ஒப்பாரி அது. அன்று நோட்டுப் புத்தகத்தோடு மூலையில் விசும்பியவர் இவர்தான். அண்ணனின் பெயர் வருமிடத்தில் ஒரு வெள்ளைக்காரர் தொடையில் தாளம் தட்டுகிறார். மந்திரியின் மீசையில் எண்ணெய் மினுங்குகிறது. சாவு விழாத இடத்தில் ஒப்பாரி எடுத்தால் சாவை வருந்தி அழைத்ததாகும் என்பது இங்கே உள்ளூர்க்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் கைதட்டுகிறார்கள்.

பிளாங்சன் வியர்வையைத் துடைத்தபடி இறங்கி வருகிறார். "பார்த்தீங்களா அக்கா, உங்க பாட்டுக்கு மந்திரியே கைதட்டுறாரு!"

அராபா துணியை உதறிக்கொண்டு எழுகிறாள்.

"நல்லாத்தான் ஒப்பாரி வெச்சீங்க ஐயா. செத்தது யாரு? எப்ப எடுக்கிறாங்க?"