இரண்டாம் பாதியில் ஒரு கடல்

இடைவேளைக்கு விளக்குப் போட்ட பிறகும் பிரியவதனி எழும்பவில்லை.

இது ஒரு செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். எழுவைதீவுக்காரிக்குச் செய்திதான்.

யாழ்ப்பாணத்தில் இரண்டரை மணிக் காட்சி பார்க்க வந்தால், இடைவேளையோடு எழும்பி ஓடவேண்டும். அப்போதுதான் ஊர்காவற்றுறை பஸ் கிடைக்கும். அந்த பஸ் கிடைத்தால்தான் கடைசிப் படகு. காலைக் காட்சிக்கு வரலாமே என்றால், சனிக்கிழமையும் மத்தியானம் வரைக்கும் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையைத் திறந்து வைத்திருப்பவள் அவள்தான்.

ஆக, ஆறு வருடமாக வந்த காதல் படங்கள் அத்தனையிலும் அவள் பார்த்தது பாதிதான்.

மிச்சத்தைச் சிவகரன் சொல்வான்.

அவன் வேலணைக்காரன். வேலணைக்குக் கடலுக்கு மேலால் றோட்டே போகிறது, அவனுக்கென்ன கவலை. ஒருநாள் தற்செயலாகப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன், மனமில்லாமல் எழும்பிப் போகிறவளைப் பார்த்து, நம்பரைத் தந்தால் மிச்சக் கதையைச் சொல்லுவேன் என்றான். அவன் தன் வாழ்நாளில் காட்டிய துணிச்சல் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு புதுக் காதல் படம் எது வந்தாலும், அந்தச் சனிக்கிழமை இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. நடுவில் கொறிக்க ஒரு கச்சான் சுருள். இடைவேளையில் அவள் ஓடுவாள். அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் அடிக்கும்.

மிச்சத்தை ஃபோனிலேயே தேடிப் பார்க்கலாமே என்று தங்கச்சி கேட்பாள். விசரி. அவன் சொல்லிக் கேட்ட கதையை யாராவது போய்ப் பார்ப்பார்களா?

கதை முடிந்ததும் பிரியவதனி தீர்ப்புச் சொல்வாள். இந்தக் காலத்துப் படங்களில் எல்லாரும் கனக்கக் கதைக்கிறார்கள் என்பது அவளுடைய நிரந்தரக் குறை. மனதில் இருப்பதை ஒரு தரம் நேரே சொல்லிவிட்டுப் போகாமல், அதற்கு நாலு பாட்டும் ஒரு மழையும் என்னத்துக்கு என்பாள். அவன் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பான். ஆறு வருடத்தில் அவன் நேரே ஒன்றும் சொன்னதில்லை. அவளும் காத்திருந்து பார்த்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காகத்தான் படம் பார்க்கவே வந்தாள்.

போன சனிக்கிழமையும் இதே படம்தான். மலைநாட்டில் நடக்கிற காதல், தேயிலை, பனி, இரண்டு குடும்பத்துச் சண்டை. இடைவேளைக்குப் பிறகு கதை கடற்கரைக்குப் போய்விட்டது என்று அன்றிரவு சொன்னான். கதாநாயகனுக்குத் தூரதேசத்தில் வேலை. போகிற அன்றைக்கு இறங்குதுறையில் நின்று கதாநாயகியிடம் கேட்கிறானாம்:

“போகாதையும் எண்டு ஒரு சொல் சொல்லும். நான் நிண்டிடுறன்.”

இந்தியப் படத்துக் கதாநாயகன் எங்கள் பாஷை கதைக்கிறானோ என்று பிரியவதனி சிரித்தாள். பிறகு, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டாள். நீரென்றால் என்ன சொல்லியிருப்பீர் என்று அவன் திருப்பிக் கேட்டான்.

விமர்சகி அல்லவா, உடனே சொன்னாள். இதெல்லாம் பழைய பாணி, போகிற மனிசனை மறித்து வைக்கிறதா காதல், நானென்றால் சந்தோசமாகப் போயிட்டு வாரும் என்று கை காட்டுவேன்.



“படத்திலையும் அவள் அப்பிடித்தான் சொன்னவள்,” என்றான்.

செவ்வாய்க்கிழமை ருமேனியாவில் தொழிற்சாலை வேலை சரிவந்துவிட்டது என்றான். இந்த ஊரில் எல்லாரும்தான் விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறார்கள். அவனுடையதை அவள் ஒரு பொருட்டாக எடுத்ததேயில்லை. வியாழக்கிழமை பறந்துவிட்டான். அவளிடம் அவன் கேட்டதும் ஒன்றுமில்லை, அவள் சொன்னதும் ஒன்றுமில்லை.

அதனால்தான் இன்றைக்கு இந்த இருப்பு. ஊர்காவற்றுறையில் பெரியம்மா வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் வருவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த இறங்குதுறைக் காட்சியை ஒருதரம் கண்ணால் பார்க்கவேண்டும். அவன் சொன்ன வசனத்தை இன்னொருவன் வாயிலாவது கேட்கவேண்டும். பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்திருந்தாள்.

விளக்கு அணைந்தது.

மலை வந்தது. பனி வந்தது. இரண்டு குடும்பமும் சண்டை பிடித்தன. இனிக் கடற்கரைக்குப் போவார்கள் என்று பார்த்தாள். கதாநாயகன் பஸ்ஸில் ஏறினான், சரி, கடலுக்குத்தான் போகிறான் என்று நிமிர்ந்து இருந்தாள். அவன் அடுத்த தேயிலைத் தோட்டத்தில் போய் இறங்கினான். கதாநாயகியின் தகப்பன் மனம் மாறினார். மலைக்கோயிலில் தாலி கட்டினார்கள். எல்லாரும் ஆடிப் பாடினார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கின.

சனம் எழும்பிப் போனது. பிரியவதனி கடைசிப் பெயர் வரைக்கும் பார்த்தாள். எங்கேயாவது ஒரு துண்டு கடல் மிச்சமிருக்கும் என்று பார்த்தாள்.

தும்புத்தடியோடு கூட்ட வந்தவர், படம் முடிஞ்சுது பிள்ளை என்றார்.

வெளியே நல்ல வெயில் இருந்தது. கடைசிப் படகு இந்நேரம் பாதிக் கடல் தாண்டியிருக்கும். அவள் வாசலில் நின்று ஃபோனை எடுத்தாள். சிவகரனின் பெயரை அழுத்தி, குரலைப் பதியத் தொடங்கினாள். முதல் தரம் அழுகை வந்தது, அழித்தாள். இரண்டாம் தரமும் அழித்தாள்.

மூன்றாம் தரம் நேரே சொன்னாள்.

“முழுப் படமும் பாத்தனான். அதிலை கடலே இல்லை. என்னட்டை இன்னொருக்காக் கேளும்.”