வண்டிக்குள் கேக் வாசம்

“எவட்டி கேக்கு கொண்டாந்திருக்கா? எடுங்க வெளிய.”

பெத்தம்மாள் கேட்டதும் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் வண்டியில் இருந்த பதினாலு பேரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

மார்கழி மாதம், காலை ஏழு மணி. கரிசல் காட்டுப் பனிக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் இழுத்துச் சாத்தியிருந்தார்கள். வாசம் எங்கே போகும்? வண்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

 கேக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான்தான்.

முந்தின நாள் வேலை விட்டதும் கோவில்பட்டியில் ஒரு பேன்சி ஸ்டோருக்குப் போய், பூ வாசம் இல்லாத சென்ட் ஒன்று வேண்டும் என்றேன். கடைக்காரப் பெண் மல்லிகையை எடுத்தாள், ரோஜாவை எடுத்தாள், தாழம்பூவை எடுத்தாள். பூ வேண்டாம் என்றால் பூவாகவே எடுத்துப் போடுகிறாளே என்று எரிச்சலாக வந்தது. கடைசியில் அடித்தட்டைத் துழாவி வெனிலா என்று ஒன்றைக் கொடுத்தாள். இனிப்பு வாசம், குளிருக்கு நன்றாக நிற்கும், நூற்று அறுபது ரூபாய்தான் என்றாள்.

என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குத் தலையிலிருந்து இறங்கிய பூ இறங்கியதுதான். வெள்ளிக்கிழமை வண்டிக்குள் பூச்சரத்தைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பார்கள். என்னிடம் வரும்போது கை தானாகத் தாண்டிப் போய்விடும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

மல்லிகை சென்ட் போட்டால் உடனே பேச்சு கிளம்பும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வெனிலா என்றால் யாருக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

காலையில் காதுக்குப் பின்னால் ஒன்று, கழுத்தில் ஒன்று, இரண்டே அடி. கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். என் மேலேயே எனக்கு ஆசையாக இருந்தது. பிறகு பாட்டிலைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். வீட்டில் நான் ஒருத்திதான். யாருக்குப் பயந்து ஒளித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

வண்டியில் என் இடம் கடைசி சீட். மற்றவர்களுக்கெல்லாம் பேச ஒரு ஜோடி உண்டு. எனக்குப் பைகள்தான். முன்னால் இடம் பத்தாது என்று சாப்பாட்டுப் பைகளை எல்லாம் என் மடியிலும் பக்கத்திலும் அடுக்கிவிடுவார்கள்.

“வாசம் சொர்ணக்கா பக்கமிருந்துதான் வருது,” என்றாள் முன்சீட்டுக்காரி, என் பக்கம் திரும்பி.

தொலைந்தேன் என்று நினைத்தேன். என்ன சொல்வது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன், ஆசையாக இருந்தது, இப்போது என்ன என்று கேட்டுவிடுவது. பயத்தோடு பயமாகக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பதினாலு பேரும் திரும்பி என்னைப் பார்க்கப் போகிறார்களே.

பெத்தம்மாள் எழுந்து கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள். என் மடியில் இருந்த பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மோந்து பார்த்தாள். புளிச்சோறு. கம்மஞ்சோறு. எலுமிச்சங்காய் ஊறுகாய். குனிந்தபோது அவள் தலை என் தாடையில் இடித்தது. அவள் மூக்குக்கும் என் கழுத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை.

என்னை அவள் மோந்து பார்க்கவில்லை. அப்படி ஒரு நினைப்பே அவளுக்கு வரவில்லை. பை மணக்கலாம், நான் மணக்க முடியாது. அவளுக்கெல்லாம் மூக்கு இருந்து என்ன பிரயோசனம்?

கடைசியாக ஒரு சிவப்புப் பை இருந்தது. விழுந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன், அதில் வாசம் ஏறியிருந்தது. முத்துசெல்வியின் பை. அவளுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது.

“இந்தா, பிடிச்சிட்டேம்லா. கேக்கு இல்லட்டி, சென்ட்டு. ஏட்டி முத்துசெல்வி, மாப்ள வாங்கித் தந்தாரோ?”

வண்டியே சிரித்தது. முத்துசெல்வி பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லப் போகிறாள், அடுத்து எல்லாக் கண்ணும் என் மேல்தான் விழும் என்று காத்திருந்தேன்.

“ஆமா மதினி,” என்றாள். “அவியதான் வாங்கித் தந்தாவ.”

அப்புறம் கேட்க வேண்டுமா? ஆபீஸ் போய்ச் சேரும்வரை அவளை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். என்ன விலை, எந்தக் கடை, எப்போது தந்தார், தந்துவிட்டு என்ன சொன்னார் என்று ஆளுக்கு ஒரு கேள்வி. அவளும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஒரு பதில் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சென்ட், என் ஆசை, இவள் புருஷன் பேரில் போகிறதே. திருட்டு மூதி என்று மனசுக்குள் வைதேன். அழுகையும் வந்தது.

ஆபீஸ் வாசலில் வண்டி நின்றது. ஆளாளுக்குப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். முத்துசெல்வி எல்லோரும் போகும்வரை நின்றுவிட்டு வந்தாள். பையை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. என் கழுத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ஒரு தடவை மெதுவாக மூச்சை இழுத்தாள்.

“அவிய எனக்கு ஒரு முழம் பூகூட வாங்கித் தந்தது கெடையாதுக்கா,” என்றாள். “நாளைக்கும் போட்டுட்டு வாங்க. பையை நான் ஒங்ககிட்டதான் தருவேன்.”