குப்பைக்குழி ஓரத்து மண்

ஓசூர் கல்யாண மண்டபத்தில் இளம் விவசாயிகள் மாநாடு. ஜன்னல் வழியாக லாரிகளின் ஹார்ன் சத்தமும் காலை வெயிலும் உள்ளே வருகின்றன. வெயில், மேசையில் வரிசையாக இருக்கும் மண் பொட்டலங்களின் மேல் விழுகிறது. வேளாண் அலுவலர் கோமளவல்லி ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்து பார்க்கிறார். வரிசையில் முதலாவதாக நிற்கும் இளைஞன் எல்லப்பனின் பொட்டலத்தைப் பிரித்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கறுத்த மண், எருவாடை வேறு. “குப்பைக்குழி ஓரத்துல அள்ளினீங்களா? பரிசோதனைக்குன்னா எல்லாரும் இருக்கறதுலயே நல்ல மண்ணாத்தான் கொண்டு வர்றீங்க. வயல் நடுவுல எடுக்கணும்ங்க.” வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள், அவர்களிலேயே இரண்டு பேர் இன்னும் கையில் வைத்திருக்கும் தங்கள் பொட்டலத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார்கள். எல்லப்பன் சிரிக்கவில்லை. மண்ணைப் பொதிந்து வந்த நைந்துபோன செய்தித்தாளின் ஓரத்தை மடிக்கிறான், பிரிக்கிறான். “வயலு கம்பெனிக்குப் போயிருச்சுங்க மேடம். போன மாசம் கம்பி வேலியும் போட்டுட்டாங்க. குழி ஓரந்தான் எங்களுக்கு மிச்சம். அதுல என்ன வைக்கலாம்னு கேக்கத்தான் வந்தேன்.” சிரிப்பு நின்றுவிடுகிறது. மின்விசிறிக் காற்றில் படபடக்கும் அவனுடைய மண் பரிசோதனைப் படிவத்தைக் கோமளவல்லி உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறார். பெயரும் ஊரும் எழுதியாகிவிட்டது. நிலத்தின் பரப்பு என்ற கட்டத்தின் மேல் பேனா அப்படியே நிற்கிறது.