பத்து லிட்டருக்கு ரெண்டு சொட்டு

வரவேற்பறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளுக்கு, போன் எடுப்பதைவிட மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவதுதான் பெரிய வேலையாக இருந்தது.

மேலாளர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "நேத்துப் பிடிச்ச தண்ணிதானே?"

"ஆமா சார். ஒரு நாள் பூரா திறந்து வச்சேன்."

"குளோரின் முறிக்கிற மருந்து?"

"பத்து லிட்டருக்கு ரெண்டு சொட்டு. எண்ணித்தான் விட்டேன்."

"சூடு?"

"தொட்டியிலயும் வாளியிலயும் ஒரே சூடுதான் சார்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு சார் இவ்வளவு பாடு? நேரா குழாயைத் திறந்து விட்டா என்ன?"

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு முன்னாடி இருந்த பொண்ணு அப்படித்தான் விட்டுச்சு. பதினோரு மீனும் மல்லாந்துடுச்சு. அன்னிக்குன்னு பார்த்து பத்திரிகைக்காரங்க வேற வந்து நின்னாங்க. ஆபீஸ் மானமே போச்சு."

வாசலில் வேன் வந்து நின்றது.

"மறுபடி வந்துட்டாங்க. வாளியை ஒளிச்சு வைம்மா. போர்டை மாட்டு."

அவள் வாளியை மேசைக்கு அடியில் தள்ளினாள். காலையில் பெயின்டர் கொண்டுவந்த புதுப் போர்டைக் காகிதம் பிரித்து, தொட்டிக்கு மேலே மாட்டிவிட்டுப் படித்தாள்.

'குடிநீர் வழங்கல் அலுவலகம். உங்கள் வீட்டுக்கு நாங்கள் அனுப்பும் அதே குழாய்த் தண்ணீரில்தான் இந்த மீன்கள் வாழ்கின்றன.'