மூன்றாவது கோப்பை

முதல் இரண்டு ஒயின்களையும் வாயில் உருட்டி, முறைப்படி தகர வாளியில் துப்பியாயிற்று. மூன்றாவது கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் ஆபெலுக்குத் தெரிந்துவிட்டது.

காட்டு ஸ்ட்ராபெரி. மழையில் நனைந்த நரித்தோல்.

க்ளிந்தோன்.

அமெரிக்கக் கொடியின் கலப்பில் பிறந்த திராட்சை. மருந்தடிக்க வேண்டாம், பாறை இடுக்கிலும் காய்க்கும். குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்று சொல்லி அரசு அதைத் தடை செய்து இருபது வருடமாகிறது. இந்தச் செவென் மலையில் இன்னும் யாருக்கும் பைத்தியம் பிடித்தபாடில்லை.

நகரசபைக் கூடத்து மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் தனக்கும் ஐந்து கோப்பைகள் ஊற்றி வைத்திருந்தார். சுவரோரம் விதவை ஸெலி. ஐந்தில் ஒன்று அவள் பீப்பாயில் பிடித்தது. எது என்று இன்ஸ்பெக்டருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் சட்டத்துக்கு உள்ளூர்ச் சுவைஞர்களின் வாக்கு வேண்டும். ஆபெலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமுவேலும் க்ளிந்தோன் என்று சொல்லிவிட்டால், நாளைக் காலை அவள் கொடிகளை வேரோடு பிடுங்கிவிடுவார்கள். அவளுக்கு வேறு நிலம் கிடையாது.

ஆபெல் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்து, தடையில்லாத ஒரு திராட்சையின் பெயரைச் சொன்னார்.

“கிரெனாஷ். மழை கெடுத்த வருஷம்.”

சாமுவேலும் குடித்தார். “கிரெனாஷேதான். அதான் கொஞ்சம் நாறுது.”

ஸெலி அவரை முறைத்தாள்.

நான்காவதும் ஐந்தாவதும் வாளிக்குப் போயின. இன்ஸ்பெக்டர் வாளியைக் காலால் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

“நாலு ஒயினைத் துப்பிட்டீங்க. மூணாவதை மட்டும் முழுங்கிட்டீங்களே, ஏங்க?”

“வயசாச்சுங்க ஐயா. துப்ப மறந்துடுது,” என்றார் சாமுவேல்.

“ரெண்டு பேருக்கும் ஒரே கோப்பையிலயா மறக்கும்?”

ஆபெல் வாளியைப் பார்த்தார்.

ஸெலி எழுந்து வந்து இன்ஸ்பெக்டர் அருகில் நின்றாள். அவருடைய கோப்பைகளைக் குனிந்து பார்த்தாள். நான்கில் ஒயின் ஊற்றிய மட்டத்திலிருந்து கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. மூன்றாவதில் அடிவண்டல்கூட இல்லை.

“உங்களுக்குமா வயசாயிடுச்சு, தம்பி?”

இன்ஸ்பெக்டர் காலிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“கிரெனாஷ்,” என்றார். “மழை கெடுத்த வருஷம்.”