சுண்டல் குரூப்பில் நாலு ஸ்டார்

"ஐயையோ, போச்சு! மானமே போச்சு!"

கங்கா போட்ட சத்தத்தில் நீலகண்டன் சாயாவை வேட்டியிலேயே கொட்டிக்கொண்டார்.

"என்னடி ஆச்சு?"

"தன்யாவுக்கு அனுப்ப வேண்டிய வாய்ஸ் மெசேஜை சுண்டல் குரூப்புல போட்டுட்டேன்னா!"

"எந்த மெசேஜ்?"

"அதுதான்... முந்தாநாள் வந்த பார்சல்..."

வேட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த நீலகண்டன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அடக்க மாட்டாமல் சிரித்தார். இந்த ஆம்பளைகளுக்கு எதற்கு, எப்போது சிரிப்பு வரும் என்று சொல்லவே முடியாது.

விஷயம் இதுதான். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் என்று எது புதிதாக வந்தாலும், வாங்கலாமா வேண்டாமா என்று பெண்களுக்குச் சொல்கிற ஒரு வெப்சைட். ஆபீஸ் களமசேரியில். அங்கே வேலை பார்க்கும் தன்யா பொருளை அனுப்பி வைப்பாள். கங்கா வீட்டில் உபயோகித்துப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். டைப் அடிக்கப் பொறுமை கிடையாது, எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான்.

இந்தத் தடவை வந்தது, பெண்கள் தங்கள் சுகத்துக்கென்று வாங்கிக்கொள்கிற ஒரு சின்ன வைப்ரேட்டர். கங்கா அதையும் மிக்ஸியைப் பற்றிச் சொல்வது போலவேதான் சொல்லியிருந்தாள்.

"உள்ளங்கைக்குள்ள அடங்கிடறது. சத்தம் துளிக்கூட இல்லை. அலம்பி வெக்கறதும் சுலபம். ஒரு தடவை சார்ஜ் போட்டா ரொம்ப நாள் நிக்கறது. விலை என்ன, ஒரு சுமாரான காட்டன் புடவை விலை. இருட்டுல பட்டனைத் தடவித் தேட வேண்டியிருக்கு, அது ஒண்ணுதான் குறை. மத்தபடி சத்தியமாச் சொல்றேன், பேஷ்! அஞ்சுக்கு நாலு ஸ்டார்."

இது போய் விழுந்தது மட்டாஞ்சேரி பிராமண சமூகத்து மாமிகளின் நவராத்திரி சுண்டல் குரூப்பில். எந்த நாள் எந்த வீட்டுச் சுண்டல் அம்பாளுக்கு என்று தீர்மானிக்கிற குரூப்.

பதறிப்போய் அழிக்கப் பார்த்தவள், 'எல்லோருக்கும்' என்பதை விட்டுவிட்டு 'எனக்கு மட்டும்' என்பதை அமுக்கித் தொலைத்தாள். இப்போது ஊர் முழுக்க அதைக் கேட்கலாம், போட்டவளால் மட்டும் கேட்க முடியாது.

பதில்கள் வர ஆரம்பித்தன.

"சிவ சிவா!"

"அம்பாளுக்கு நைவேத்யம் பண்ற கையா இது?"

கடைசியாக, கோவில் செக்ரட்டரியின் சம்சாரம்: "இந்த வருஷம் கங்கா சுண்டல் பண்ண வேண்டாம்னு என் அபிப்பிராயம்."

அதன் கீழே மளமளவென்று கட்டைவிரல்கள்.

கங்காவுக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருஷத்திலிருந்து, சரஸ்வதி பூஜையன்று அவள் பண்ணுகிற கடலைச் சுண்டல்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"அட்மின் நினைச்சா எல்லாருக்கும் அழிக்கலாமே. போய் பகவதியைப் பாரு" என்றார் நீலகண்டன்.

"நீங்களும் வாங்கோ. உங்க தங்கைதானே?"

"நானா? எனக்கு அவளைக் கண்டா பயமாக்கும்!"

பயப்படாமல் என்ன செய்வார்? விவாகரத்தான பிறகு அதே தெருவில் தனியாக வீடு எடுத்துக்கொண்டு, யாருக்கும் தலை வணங்காமல் இருக்கிறவள் பகவதி. எதிலும் கறார். யாராவது குட்மார்னிங் போட்டால்கூட, "இது சுண்டல் குரூப்" என்று பட்டென்று பதில் போடுவாள்.

கங்கா போனபோது அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா, பகவதி?"

"கேட்டேன், மன்னி."

"முழுக்கவா?"

"முழுக்க."

முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. துருவல் மட்டும் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது.

"கை தவறிப் போயிடுத்து. நீ அதை அழிச்சுடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அழிக்கறதா இல்லை."

"ஏன்டி, என் மானம் போறதுல உனக்கு என்ன சந்தோஷம்? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

பகவதி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, வாய்ஸ் பட்டனை அமுக்கினாள்.

"அட்மின் பகவதி பேசறேன். எல்லாரும் கேட்டுக்கோங்கோ. மன்னி சொன்னது எனக்காகச் சொன்னது. தனியா இருக்கறவ, எனக்கு ஒண்ணு வேணும்னு நான்தான் விசாரிச்சுச் சொல்லச் சொன்னேன். எனக்கு அனுப்ப வேண்டியது இங்கே வந்துடுத்து, அவ்வளவுதான். இதனால யாருக்காவது தீட்டுன்னா, என்னைச் சொல்லுங்கோ. நான் சுண்டல் பண்ணலை. சரஸ்வதி பூஜைக்கு மன்னியோட கடலைச் சுண்டல்தான். அதுல ஒரு மாத்தமும் கிடையாது."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கங்கா தன் போனைப் பார்த்தாள். செக்ரட்டரி சம்சாரத்தின் பதிலுக்குக் கீழே இருந்த கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

கங்கா ஓடிப்போய் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடி பாவி, எனக்காக இப்படி ஒரு பொய்யா? இனிமே தெருவே உன்னைப் பத்தித்தானே பேசும்! நீ எங்கிட்ட எப்போடி கேட்டே?"

யாருக்கும் தலை வணங்காத பகவதி, தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்க வெக்கமா இருந்தது, மன்னி. இப்போ கேக்கறேன்... அது எங்கே கிடைக்கும்?"