சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூசை நாள். பட்டாசுக் கம்பெனி முதலாளி சங்கரபாண்டியன் வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் செவ்வந்தி. எதிரே தரையில் என் பேத்தி மாரிசெல்வி உட்கார்ந்திருக்கிறாள். அட்டையில் விசைகளை வரைந்து விரல் பழகியவள். கழித்துப்போட்ட பட்டாசு லேபிள்களின் பின்பக்கத்தில் எழுதிய புரோகிராமை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வந்திருக்கிறாள். லீவு நாளில் வரச் சொன்னதும் இவர்கள்தான். "பூசை போட்டாச்சு பெரியவரே, இன்னிக்குத் தொடப்பிடாது" என்கிறாள் முதலாளியம்மா. அவள் மகன் மகேஷ்குமார் அதே கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறான். விசைகளின் மேல் உதிரும் பூவிதழை வாயால் ஊதித் தள்ளுகிறான். "தம்பி மட்டும் தொடுறாகளே?" என்று கேட்கிறேன். "அவன் விளையாடத்தான செய்றான்? இன்னிக்குப் படிப்புதான் ஆகாது." இந்த அறிவைக் குடிவைக்க இத்தனை பெரிய வீடு. "எந்திரி மாரி, போவோம்" என்கிறேன். முதலாளியம்மா பொரிகடலைப் பொட்டலத்தை, விரல் பட்டுவிடாதபடி நுனியில் பிடித்து என் பக்கம் நீட்டுகிறாள். மாரிசெல்வி திரையிலிருந்து கண்ணெடுக்காமல் முணுமுணுக்கிறாள்: "வாங்கிக்கிடுங்க தாத்தா. நாளைக்கு வரணும்ல." எவர் வீட்டிலும் நீளாத என் கை நீள்கிறது.